தலையை எண்ணாமல் பலனை எண்ணுவது: தருமபுரி, கிருஷ்ணகிரி சிறு மருத்துவமனைகளுக்கு ஒரு செய்முறை

முப்பது, ஐம்பது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் மாதக் கடைசியில் மேசைக்கு வரும் தாளைப் பாருங்கள். ஓபி எத்தனை, ஐபி எத்தனை, ஸ்கேன் எத்தனை, ஆபரேஷன் எத்தனை என்று எல்லாம் தலைக்கணக்காகவே இருக்கும். பென்னாகரத்திலிருந்து வந்து கால் புண்ணுக்காக ஐந்து நாள் படுத்துப் போனவருக்குப் புண் ஆறியதா, மறுபடி காட்டு வேலைக்குப் போகிறாரா என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அந்தக் கட்டத்தைச் சேர்த்து, வருமானத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு கட்டுவதைத்தான் மதிப்பு அடிப்படையிலான சிகிச்சை என்கிறார்கள். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் சொல்லும் வாய்ப்பாடு எளிமையானது: நோயாளிக்குக் கிடைத்த பலனை அதற்கு ஆன மொத்தச் செலவால் வகுத்தால் வருவதே மதிப்பு. பலன் என்றால் ரிப்போர்ட் நார்மல் என்று வருவது மட்டும் போதாது. நடக்க முடிகிறதா, தூங்க முடிகிறதா, மறுபடி அட்மிட் ஆகாமல் இருக்கிறாரா என்பதும் அதில் சேரும்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "எங்களிடம் காப்பீட்டுத் திட்டப் பேக்கேஜ் நடக்கிறதே, அது இதுதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பேக்கேஜில் ஒரு ஆபரேஷனுக்கு ஒரே தொகை என்பதால், அந்தக் கேஸுக்குள் தேவையில்லாத டெஸ்ட் குறையும். ஆனால் பத்துக்குப் பதில் இருபது பேக்கேஜ் போட்டால் இரட்டைப் பணம் வரும் என்பது மாறவில்லை. அமெரிக்காவும் இந்த இடத்தைக் கடந்துதான் வந்தது. அங்கே முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1983-ல் நோய்க்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுக்கத் தொடங்கியது. படுக்கை நாட்கள் குறைந்தன. அரைகுறையாகத் தேறியவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்களோ என்ற கவலையும் கூடவே வந்தது. 2012 அக்டோபரிலிருந்து, 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆகிறவர்கள் அதிகமாக உள்ள மருத்துவமனைகளுக்குப் பணத்தைப் பிடித்தார்கள். இப்போது அந்தப் பிடித்தத்தின் உச்சம் 3 சதவீதம்.

நம் பக்கமும் காற்று அப்படித்தான் வீசுகிறது. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. அதை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம், மருத்துவமனைகளை ஐந்து விஷயங்களால் அளக்கப்போவதாக அறிவித்தது: பயனாளியின் திருப்தி, திரும்ப அட்மிட் ஆகும் விகிதம், கைக்காசு எவ்வளவு போனது, நிரூபணமான புகார்கள், நோயாளியின் வாழ்க்கைத் தரம் கூடியதா என்பது. இவற்றில் முதல் நான்கை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம். மென்பொருள் வாங்கித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் மென்பொருள் விற்பவராக இருப்பார்.

ஒரே ஒரு நோயை எடுங்கள்

மருத்துவமனை முழுவதையும் ஒரே நாளில் மாற்றப் போனால் மூன்றாம் மாதம் எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள். ஒரு நோய் போதும். அதைத் தேர்ந்தெடுக்க மூன்று நிபந்தனைகள் உண்டு: ஆள் அதிகம் வர வேண்டும், பலனை எண்ணால் அளக்க முடிய வேண்டும், அந்தப் பிரிவின் மேல் பெரிய கடன் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். சிடி மெஷினுக்கு இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கேனைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கினால் அது இரண்டாவது தவணையிலேயே செத்துவிடும்.

இந்த மூன்றுக்கும் பொருந்துவது சர்க்கரை நோய், கூடவே பிபி. இரண்டு மாவட்டங்களிலும் இதற்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆக, உங்கள் சுகர் நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஏற்கெனவே ஒரு தன்னார்வலர் வீடு தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பதிவேடு

கடந்த 12 மாதத்தில் குறைந்தது இரண்டு முறை சுகருக்காக வந்த எல்லாரையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். முதலில் 200 பேர் போதும். ஆளுக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை: ஓபி எண், வயது, சொந்த போன், பக்கத்து வீட்டு அல்லது மகன் போன், ஊர், எந்த பஸ்ஸில் வருகிறார், எந்தச் சந்தை நாளில் டவுனுக்கு வருகிறார், எத்தனை வருட சுகர், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவும் தேதியும், ஹீமோகுளோபின், பிபி, கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் (இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுபவை), கால் பரிசோதனைத் தேதி, கண் பரிசோதனைத் தேதி, கடந்த மூன்று மாதத்தில் எங்காவது அட்மிட் ஆனாரா, இந்த மாதம் கையிலிருந்து எவ்வளவு செலவு.

பஸ்ஸும் சந்தை நாளும் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குச் செவ்வாய் காலை 9 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்தால் ஒரு நாள் கூலி போகும். அவர் வர மாட்டார். அவர் டவுனுக்கு வரும் சந்தை நாளில், பஸ் வந்து சேரும் நேரத்துக்குப் பிறகு கொடுத்தால் வருவார்.

இலக்கை எல்லாருக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். நடுவயதுக்காரருக்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழ் என்பது சரி. 70 வயது தாண்டியவர், சிறுநீரகம் கெட்டவர், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் இவர்களுக்கு 8-க்குக் கீழ் இருந்தால் போதும். எல்லாரையும் 7-க்குள் கொண்டுவரத் துரத்தினால் வயதானவர்களுக்கு லோ சுகர் வந்து விடியற்காலையில் மயங்கி விழுவார்கள். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் பாட்டிகளிடம் இது மிகவும் சாதாரணம். அதனால் லோ சுகருக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். நல்ல எண்ணைத் துரத்தும்போது எது கெடும் என்பதையும் அதே தாளில் எண்ணினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

ஹீமோகுளோபின் கட்டம் ஏன் என்றால், இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தசோகை உள்ள பெண்மணிக்கு அந்த எண்ணை மட்டும் பார்த்து மாத்திரையை ஏற்றினால் தப்பாகப் போகும். வெறும் வயிறு, சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்ட்ரோலில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இல்லாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி போதும். மாதா மாதம் எடுப்பது லேப் பில்லுக்குத்தான் நல்லது. அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அதனால்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஆகஸ்டில் எடுக்கும் ரிப்போர்ட் மாம்பழ சீசனை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஒரே நோயாளியின் ஆகஸ்ட் எண்ணை அவருடைய போன ஆகஸ்ட் எண்ணோடு ஒப்பிடுங்கள், பிப்ரவரியோடு வேண்டாம். உணவு ஆலோசனையில் இன்னொன்று: "களிதானே, சுகர் ஏறாது" என்று மூன்று உருண்டை சாப்பிடுகிறவர்கள் ஏராளம். கேழ்வரகும் மாவுச்சத்துதான். எத்தனை உருண்டை, எவ்வளவு பெரிது என்று கையால் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மிக முக்கியமான விதி ஒன்று. வராமல் நின்றுபோனவரைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. 200 பேரில் 120 பேருக்குத்தான் இந்த ஆறு மாதத்தில் எச்பிஏ1சி இருக்கிறது, அதில் 72 பேர் இலக்குக்குள் என்றால் உங்கள் கணக்கு 60 சதவீதம் அல்ல, 36 சதவீதம். காணாமல் போன 80 பேரைக் கண்ட்ரோலில் இல்லாதவர்கள் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியை மாற்றினால் எந்த மருத்துவமனையும் மூன்று மாதத்தில் தங்கப்பதக்கம் வாங்கிவிடும்.

கால் பார்ப்பது

கால் எடுக்கும் ஆபரேஷன் வரை போகும் செலவைத் தடுப்பது ஒரு நைலான் இழை. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் இழை அது. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்று கேட்டு வாங்குங்கள். நோயாளியைப் படுக்க வைத்து, செருப்பு, கொலுசு, கட்டு எல்லாம் எடுத்துவிட்டு, முதலில் இழையை அவர் கையில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல் அடிப்பக்கம், கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் இவற்றின் அடியில் உள்ள மேடு என்று நான்கு இடத்தில் செங்குத்தாக வைத்து, இழை சி எழுத்துப் போல வளையும் வரை அழுத்தி, ஒன்று இரண்டு நொடியில் எடுங்கள். "தொட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், உணரும்போது அவரே சொல்லட்டும். வரிசையை மாற்றி மாற்றித் தொடுங்கள். காய்ப்பு விழுந்த இடத்தில் வைத்தால் பதில் தப்பாக வரும். வெறுங்காலில் காட்டு வேலை செய்கிற காலில் காய்ப்பும் பித்தவெடிப்பும் இல்லாத இடம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே இழையால் பத்துப் பேரைப் பார்த்தால் அது தளர்ந்துவிடும். 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள்.

உணர்ச்சி இல்லாத கால் என்றால் வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது போதாது. குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பழைய புண் இருந்தவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இரவில் கால் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வீட்டில் ஒருவரைப் பழக்கிவிடுங்கள்.

மாத்திரைக் கவர்

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் அதே மெட்பார்மினை எழுதுகிறார். நோயாளி "அது கவர்மென்ட் மாத்திரை, இது டாக்டர் மாத்திரை" என்று இரண்டையும் விழுங்குகிறார். அல்லது இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ சொல்ல, இரண்டையும் நிறுத்திவிடுகிறார். ஒவ்வொரு முறையும் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, சிஸ்டர் மேசையில் பரப்பி, மருந்தின் மூலப்பெயரைப் பார்த்து ஒப்பிட வேண்டும். மூன்று நிமிட வேலை. அரசிடம் இலவசமாகக் கிடைப்பதை உங்கள் சீட்டில் "அங்கே வாங்குகிறார்" என்று எழுதிவிடுங்கள். ஃபார்மசி வருமானம் கொஞ்சம் குறையும். நோயாளியின் கைக்காசும் குறையும், அளக்கப்படும் ஐந்தில் ஒன்று அதுதான்.

நிமிடக் கணக்கு

செலவு தெரியாமல் மதிப்பு தெரியாது. பெரும்பாலான இடங்களில் பில் தொகையைத்தான் செலவு என்று நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பதே சரியான வழி. கீழே உள்ள சம்பளங்கள் கணக்குக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிஸ்டருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைப்போம். 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 12,480 நிமிடம். சாப்பாடு, மீட்டிங், ஷிப்ட் மாற்றம் போக 80 சதவீதம்தான் நோயாளிக்கு. ஏறத்தாழ 10,000 நிமிடம். நிமிடத்துக்கு 1 ரூபாய் 80 காசு. டாக்டருக்கு 1,50,000, நாளுக்கு 6 மணி என்றால் அதே முறையில் சுமார் 7,500 நிமிடம், நிமிடத்துக்கு 20 ரூபாய். ரிசப்ஷனில் 12,000 என்றால் 1 ரூபாய் 20 காசு.

இப்போது ஒரு வாட்சோடு நின்று ஒரு சுகர் நோயாளி நுழைவதிலிருந்து வெளியே போவது வரை எழுதுங்கள். ரிசப்ஷன் 4 நிமிடம், சிஸ்டர் எடை, பிபி, கால் பார்ப்பது 12 நிமிடம், டாக்டர் 8 நிமிடம், உணவு, ஊசி போடும் விதம் சொல்லிக்கொடுக்க சிஸ்டர் 10 நிமிடம். 4.80, 21.60, 160, 18. மொத்தம் 204 ரூபாய் 40 காசு. இதில் 78 சதவீதம் டாக்டரின் எட்டு நிமிடம்.

மாதம் ஒரு முறை வீதம் 12 தடவையும் இப்படிப் பார்த்தால் ஆள்செலவு மட்டும் 2,452.80. அதையே வருடத்தில் 4 முறை முழு டாக்டர் விசிட்டாகவும், 8 முறை சிஸ்டர் 20 நிமிடம் பார்த்து டாக்டர் 2 நிமிடம் எட்டிப்பார்ப்பதாகவும் மாற்றினால், ரிசப்ஷனின் 4 நிமிடத்தோடு சிஸ்டர் விசிட் ஒன்றுக்கு 80.80, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,464. கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் மிச்சம். மருந்தை மாற்றுவது டாக்டர் மட்டும்தான் என்ற கோட்டைத் தாண்ட விடாதீர்கள். வாடகை, கரண்ட், லேப் ரியேஜென்ட் எல்லாவற்றையும் இதன் மேல் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் கையில் வந்த பிறகுதான் வருடப் பேக்கேஜ், அதாவது வருடத்துக்கு ஒரே தொகை வாங்கிக்கொண்டு பார்ப்பது பற்றி யோசிக்க வேண்டும். ஓசூர் பக்கம் தொழிலாளர்களுக்காகத் தொழிற்சாலைகளிடம் இப்படிப் பேசுகிறவர்களுக்கும் இதே வார்த்தைதான். "எது வந்தாலும் இந்தத் தொகைக்குள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அது இன்சூரன்ஸ் மாதிரி ஆகிவிடும். சட்டச் சிக்கல் வரும். இத்தனை விசிட், இந்த டெஸ்டுகள், ஒரு கண் பரிசோதனை, இரண்டு கால் பரிசோதனை என்று வரையறுத்து எழுதி, ஆடிட்டரிடமும் வக்கீலிடமும் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

வீட்டுக்குப் போன 48 மணி நேரத்துக்குள் ஒரு போன், ஏழாவது நாள் ஒன்று, 30-வது நாள் ஒன்று. ரிசப்ஷனில் இருப்பவரிடம் விடாதீர்கள்; வார்டில் பார்த்த சிஸ்டரே பேச வேண்டும். கேட்க வேண்டியது ஐந்து: மாத்திரை வாங்கினீர்களா, எது எத்தனை வேளை என்று சொல்லுங்கள், காய்ச்சல் அல்லது புண்ணில் நீர் வடிகிறதா, வேறு எங்காவது காட்டினீர்களா, அடுத்து எப்போது வருகிறீர்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று தொடங்கினால் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுவார்கள்.

நான்காவது கேள்விதான் திரும்ப அட்மிட் ஆகும் கணக்கின் உயிர். உங்களிடம் ஆபரேஷன் செய்தவர் காய்ச்சலோடு தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். உங்கள் கம்ப்யூட்டரில் அவர் நன்றாக இருக்கிறார். ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்ததா என்று 30 நாள் வரையும், பிளேட், செயற்கை மூட்டு வைத்திருந்தால் 90 நாள் வரையும் கேட்க வேண்டும். திட்டமிட்ட டயாலிசிஸ், கீமோ இவற்றுக்காகத் திரும்பி வருவதைச் சேர்க்காதீர்கள்.

பிரசவமும் மூட்டும்

இரண்டாவது வருடத்துக்கு உரியவை இவை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8. இந்தச் சதவீதத்தை மொத்தமாகக் குறைக்கக் கிளம்புவது ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ராப்சன் முறையில் எல்லாப் பிரசவங்களையும் பத்துப் பிரிவாகப் பிரியுங்கள். முதல் பிரிவு, அதாவது தலைப்பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, 37 வாரம் முடிந்து தானாக வலி வந்தவர்கள்: அங்கே சிசேரியன் அதிகமாக இருந்தால் காரணம் தேடுங்கள். ஐந்தாவது பிரிவு, முன்பே சிசேரியன் ஆனவர்கள். அங்கே எண் பெரிதாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே குழந்தை மூச்சுத்திணறல், அதிக ரத்தப்போக்கு, இறந்து பிறந்தது என்ற மூன்று கட்டமும் வேண்டும். மகப்பேறு மருத்துவருக்கு எந்தப் பிரசவமானாலும் ஒரே கட்டணம் என்று மாற்றுவது, நாம் பார்த்தவரை எந்தப் பிரசங்கத்தையும்விட வேலை செய்யும்.

மூட்டு மாற்று ஆபரேஷனில் ஆரம்ப அளவு எடுக்காமல் பலனை அளக்கவே முடியாது. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. வருடக்கணக்கில் போர் தண்ணீர் குடித்தவரின் முதுகும் இடுப்பும் ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அப்படியானால் முட்டியை மாற்றியும் அவர் குத்துக்காலிட முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே வலி, படி ஏறுதல், நடக்கும் தூரம் இவற்றுக்கு மார்க் போட்டு, ஆறாம் மாதம் அதே கேள்விகளைக் கேட்டால் யாருக்கு எவ்வளவு கூடியது என்று தெரியும்.

டாக்டர்களின் பணம்

முதல் ஆறு மாதம் எண்களைக் காட்டுங்கள், பணத்தோடு கட்டாதீர்கள். அதற்குப் பிறகு மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதத்தை மட்டும் பலனோடு கட்டலாம், அதுவும் தனி ஆளுக்கு இல்லாமல் டாக்டர், சிஸ்டர், லேப் சேர்ந்த குழுவுக்கு. தனி ஆளுக்குக் கொடுத்தால் கஷ்டமான கேஸை எல்லாரும் அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். சிறுநீரகம் கெட்டவர், புண்ணோடு வந்தவர் எத்தனை சதவீதம் என்பதை மாதா மாதம் பாருங்கள். திடீரென்று குறைந்தால் தள்ளிவிடுகிறார்கள் என்று பொருள். ஆள் அனுப்பினால் கட்டிங் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி தடை செய்யப்பட்டது. அதை நிறுத்தாமல் இந்த வேலையில் இறங்கினால், செலவுக் கட்டத்தில் எழுத முடியாத ஒரு செலவு எப்போதும் இருக்கும்.

மாதக் கூட்டம்

முதல் சனிக்கிழமை, ஓபி முடிந்த பிறகு 40 நிமிடம். மூன்று தாள் மட்டும்: இலக்குக்குள் இருப்பவர் சதவீதம், 30 நாளில் திரும்ப அட்மிட் ஆனவர்கள், ஒரு நோயாளிக்கு ஆன செலவு. பிறகு எச்பிஏ1சி 9-க்கு மேல் உள்ளவர்களின் பெயர்களையும், நான்கு மாதமாக வராதவர்களின் பெயர்களையும் வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் கூப்பிடுவது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். மூன்று முறை போன் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது எண். அதுவும் இல்லையென்றால், நோயாளி முன்பே சம்மதம் கொடுத்திருந்தால் அந்த ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலரிடம் விசாரிக்கலாம். வேறு டாக்டரிடம் பார்க்கிறேன் என்று அவரே சொன்னால் மட்டும் பட்டியலிலிருந்து எடுத்து, காரணத்தையும் தேதியையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டம் இந்தப் பெயர்களை வாசிப்பதில்தான் தொடங்க வேண்டும்.